'ஃப்ளைட் ரெடி' மேக்கப் கிட்: பணம் அனுப்பும் முன் படியுங்கள்

இன்ஸ்டாகிராமில் 'ஃப்ளைட் ரெடி கிட்' என்று ஒன்றை விற்கிறார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் ஜிப் பை, அதில் குட்டிக் குட்டி பாட்டில்கள். சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், டோனர், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாமே பெரிய பிராண்டுகளின் ஒரிஜினல் சரக்காம். பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றி நிரப்பியதாம். விலை 2,400 ரூபாய். முழு பாட்டில்களாக வாங்கினால் ஏழெட்டாயிரம் ஆகுமே என்று யோசிக்கும் யாருக்கும் இது நியாயமான விலையாகத்தான் தோன்றும். சிங்கப்பூரில் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகும்போது நான் வாங்கினேன். நீங்கள் வாங்காதீர்கள்.

முதல் அடி சென்னை விமான நிலையத்திலேயே விழுந்தது. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் வைக்கும் திரவம், க்ரீம், ஜெல் எதுவானாலும் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள் அடங்க வேண்டும். 2006-ல் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிகுண்டால் தகர்க்க நடந்த சதி பிடிபட்டதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். என் டோனர் பாட்டிலில் '100 மி.லி.' என்று அழகாக லேபிள் ஒட்டியிருந்தது. சிஐஎஸ்எஃப் பெண் காவலர் அதைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். பிளாஸ்டிக்கிலேயே 120 என்று அச்சு. "மேடம், இது போகாது" என்றார், குப்பைத் தொட்டியில் போட்டார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது ஃபவுண்டேஷன். பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலத்தான். கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, பாதி காலியான பாட்டிலுக்குள் இருக்கும் காற்றும் அப்படித்தான் விரிந்து க்ரீமை வெளியே தள்ளும். நல்ல பாட்டிலில் மூடிக்குக் கீழே ஓர் உள்மூடி இருக்கும். இதில் அது இல்லை, பாட்டிலும் முக்கால்வாசிதான் நிரம்பியிருந்தது. ஜிப் பையின் ஓரத் தையல் வழியாகக் கசிந்து, முகூர்த்தத்துக்கு வைத்திருந்த பட்டு ரவிக்கையின் கைப்பகுதி முழுக்கப் பழுப்பு. 'லீக் ப்ரூஃப்' என்று பையின் மேலேயே போட்டிருக்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

நெயில் பாலிஷ் ரிமூவர் கதை இன்னும் மோசம். அதில் இருப்பது அசிட்டோன். கண்ணாடி மாதிரி பளபளக்கும் மலிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். அதில்தான் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஹோட்டலில் எடுத்தபோது பாட்டிலின் கழுத்து இளகிக் கோணியிருந்தது, மூடி திருகவே வரவில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் பாலிஸ்டைரீன். ரிமூவருக்கு 2 என்று போட்ட பாட்டில் சரிப்படும்.

இதையெல்லாம் பாட்டில் கோளாறு என்று விட்டுவிடலாம், உள்ளே இருந்த சரக்கை அப்படி விட முடியாது. சன்ஸ்கிரீனைப் பிதுக்கினால் முதலில் எண்ணெய்த் தண்ணீர், அப்புறம் திரிதிரியாக வெள்ளை. போட்ட அரை மணியில் கன்னம் எரிந்தது. அங்கேயே கடையில் அதே பிராண்டை வாங்கித் திறந்து பார்த்தேன். நிறமும் வேறு, வாசனையும் வேறு. ஃபவுண்டேஷன் நான் எப்போதும் போடும் நம்பரைத்தான் கேட்டிருந்தேன், வந்தது இரண்டு ஷேட் வெளுப்பு.

வாங்கும் முன்பே ஒரிஜினல் பாட்டிலின் படம் கேட்டேன். அனுப்பினார்கள், பேட்ச் நம்பரும் தேதியும் இருக்கும் பக்கம் மட்டும் படத்தில் இல்லை. அதையும் கேட்டதற்கு "டிரஸ்ட் பண்ணுங்க சிஸ், எல்லாம் ஃப்ரெஷ் ஸ்டாக்" என்று பதில். இந்தியாவில் விற்கும் அழகுப் பொருட்களில் பொதுவாகத் தயாரித்தவர் பெயர், முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்க வேண்டும். ஊற்றிக் கொடுத்த குட்டி பாட்டிலில் இதில் ஒன்றுகூட இல்லை. அது அசலா, போலியா, காலாவதியானதா என்று கண்டுபிடிக்க நமக்கு வழியே கிடையாது.

திரும்பி வந்து பணம் கேட்டேன். "அன்பாக்ஸிங் வீடியோ இருக்கா சிஸ்? அது இல்லாம ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." இது அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம். 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ, போலியையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக் கூடாது. இதை எழுதி அனுப்பிய பத்தாவது நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார்கள்.

சின்ன அளவு வேண்டுமென்றால் பிராண்டே போடும் மினி பாக்கெட்டை, சீல் உடையாமல் வாங்குங்கள். இல்லாவிட்டால் காலி பாட்டில் வாங்கி வீட்டில் நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். மெல்லிய பாட்டிலாக இருந்தால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். நாலு நாள் பயணத்துக்கான ஃபவுண்டேஷனுக்கு கான்டாக்ட் லென்ஸ் டப்பாவே போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போது வேறு பெயரில், அதே படங்களோடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் ஜிபே ரசீதையும் சாட்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் பெயரை மாற்றினாலும், பணம் போன கணக்கின் பெயர் அந்த ரசீதில் இருக்கும்.