150-600 லென்ஸும் மெரினா சூரியனும்: ஐந்து வருட அனுபவம்

பெரிய சூரியனுக்கு முன்னால் ஒரு ஆள் கறுப்பு நிழலாக நிற்கிற மாதிரி படம் எடுக்கணும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் செகண்ட் ஹேண்டில் இந்த 150-600 மி.மீ. ஜூமை வாங்கினேன். முதல் மூன்று மாதம் ஒரு படம்கூட உருப்படவில்லை. நான் நின்ற இடம் தப்பு.

முப்பது மீட்டரில் நின்றால் சூரியன் அந்த ஆளின் தலையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரியும். ஜூமை முழுசாக 600-க்கு நீட்டினால் ஆள் ஃபிரேமுக்குள் அடங்கமாட்டார். ஜூமைக் குறைத்தால் சூரியன் பொட்டாகிவிடும். கணக்கு என்னவோ சுலபம்தான். ஆளின் உயரத்தை 109-ஆல் பெருக்கினால் வருகிற தூரத்தில் இரண்டும் ஒரே அளவு. ஐந்தரை அடி ஆளுக்குச் சுமார் 180 மீட்டர். மெரினாவில் அவ்வளவு மணல் இருக்கிறது.

அப்புறம்தான் அடுத்த சிக்கல். மணல்மேட்டில் டிரைபாட் போட்டு, அலையில் கால் நனைப்பவரை எடுத்தால் தொடுவானம் அவர் தலைக்கு மேலே ஓடும், சூரியன் அவருக்குப் பின்னால் வரவே வராது. அதனால் இப்போது நான் பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொள்கிறேன், மேட்டில் நடப்பவர்தான் இலக்கு. நாய்கள் வந்து முகர்ந்து பார்க்கும். சூரியன் தன் அகலம் ஏற இரண்டு நிமிடம்தான், அதற்குள் யாராவது குறுக்கே வந்தால் உண்டு. மூட்டம் இருந்தால் ஒரு டிகிரி ஏறி, ஆளின் தலையைத் தாண்டிய பிறகே முகம் காட்டும். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான்.

ஆட்டோஃபோகஸ் அலைபாயும். ஆளின் தோள் விளிம்பில் பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். லென்ஸ் துவாரத்தை எஃப்/8-இல் வைத்தால் ஆள் கூர்மை, ஆனால் சூரிய விளிம்பு சற்றே கலங்கும். துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப்/16 போனால் விளிம்பு தேறும், சென்சார் தூசியெல்லாம் சூரியன்மேல் புள்ளியாக உட்காரும். 2024 மே மாதம் அப்படி ஒரு புள்ளியைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டேன். அது ஏஆர்3664, பூமியைப் போல் பதினைந்து மடங்கு அகலமான சூரியக் கரும்புள்ளிக் கூட்டம்! நல்லவேளை, கேமரா பதிந்த மூலக் கோப்பான ரா ஃபைல் இருந்தது.

என்னுடையது டிஎஸ்எல்ஆர், லென்ஸில் விழும் வெளிச்சம் அப்படியே வியூஃபைண்டருக்கு வரும் கேமரா. வியூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்ப்பதே இல்லை, கண் போய்விடும். பின்பக்கத் திரையில் பார்க்கிற லைவ் வியூ மட்டும்தான். சிவப்பு போய் மஞ்சள் ஏறியதும் மூடி போட்டுவிடுவேன்.

லென்ஸைப் பற்றிச் சொன்னால், கிட்டத்தட்ட இரண்டு கிலோ, தோள் வலிக்கும். கீழே சாய்த்தால் குழல் தானாக நீளும். இரண்டாம் வருடம் உள்ளே பூஞ்சை பிடித்தது; சுத்தம் செய்யக் கேட்ட தொகையில், லென்ஸை ஈரமில்லாமல் வைக்கிற டிரை பாக்ஸே இரண்டு வாங்கியிருக்கலாம். உப்புக்காற்றில் குடியிருப்பவர்கள் முதல் நாளே டிரை பாக்ஸ் வாங்கிவிடுங்கள்.

இப்போதெல்லாம் ஆட்களைவிடப் படகுகள்மேல்தான் கண். 28 அடி ஃபைபர் படகு 900 மீட்டரைத் தாண்டிப் போனதும் சூரியனுக்குள் முழுசாக அடங்கும். அந்தத் தூரத்தில் எஃப்/8-லேயே விளிம்பும் ஓரளவு தேறிவிடும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒருவர் எழுந்து நின்ற படம் இதுவரை நான்குதான் கிடைத்திருக்கிறது.