கல்லூரி லாகின் இல்லாமல் ஆய்வுக்கட்டுரை படிப்பது: பல வருட அனுபவம்

உணவு, மருத்துவம் பற்றித் தமிழில் எழுதுகிறேன். எந்தக் கல்லூரியிலும் வேலை பார்க்கவில்லை, அதனால் நூலக லாகின் கிடையாது. ஒரு கட்டுரையைத் திறக்க 30, 40 டாலர் கேட்கிற இடத்தில், சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதை வைத்தே பல வருடங்களாகக் காலம் தள்ளுகிறேன். நம்பமுடியாத அளவுக்குக் கிடைக்கிறது.

நான் அதிகம் புழங்குவது பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச இணையக் களஞ்சியம். பப்மெட் வேறு, இது வேறு. அதில் பெரும்பாலும் சுருக்கம்தான் இருக்கும், இதில் முழுக் கட்டுரையும் இருக்கும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2000-இல் தொடங்கியது. அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஆய்வுகள் இங்கே வந்தாக வேண்டும் என்பது 2008 முதல் விதி. முன்பு 12 மாதம் வரை தள்ளிப்போட முடியும். 2025 ஜூலையிலிருந்து அந்தச் சலுகையும் இல்லை.

முழுக் கட்டுரை ஏன் வேண்டும்? மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மஞ்சள் மூட்டுவலியைக் குறைக்கிறது’ என்று செய்தி வரும். செய்முறைப் பகுதியைத் திறந்தால், பல ஆய்வுகளில் கொடுத்தது, மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்த மாத்திரையாக இருக்கும். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வாரம், எதோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் விளக்கமாக இருக்கிறது. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மருத்துவம் எழுதுவது ஆபத்து.

பப்மெட் சென்ட்ரலில் இல்லாவிட்டால் அன்பேவால் (Unpaywall). உலாவியில் போட்டுக்கொள்ளும் சின்ன நீட்சி இது. கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் பூட்டுச் சின்னம் பச்சையானால் எங்கோ இலவச நகல் இருக்கிறது என்று அர்த்தம். பல பதிப்பகங்கள், இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் இன்னும் அச்சு வடிவம் பெறாத பிரதியை ஆசிரியர் தன் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன. அந்தப் பிரதியில் பக்க எண்கள் இதழோடு ஒத்துப்போகாது, படங்கள் கடைசியில் கிடக்கும். மேற்கோள் காட்டும்போது இதைக் கவனியுங்கள். பூட்டு சாம்பல் நிறமாகவே இருந்தால் கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு, கீழே எல்லாப் பதிப்புகளையும் காட்டும் இணைப்பைத் தட்டிப் பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல். பதில் வருவதும் உண்டு, வராததும் உண்டு.

இயற்பியல், கணிதம், கணினி என்றால் 1991 முதல் இருக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளம் போதும். அச்சுக்கு முந்தைய பிரதிகள் என்பதால் சக ஆய்வாளர் பார்வைக்குப் போயிருக்காமலும் இருக்கலாம்.

தமிழ் சார்ந்த விஷயத்துக்கு ‘சோத்கங்கா’தான் என் புதையல். குஜராத் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் என்ற பல்கலைக்கழக நூலக வலையமைப்பு மையம் நடத்தும் ஆய்வேட்டுக் களஞ்சியம். நாட்டுப்புற மருத்துவம், சித்தா, வட்டார உணவு என நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இயல் இயலாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். முதலில் துணைநூற் பட்டியல் கோப்பைத் திறப்பேன், வேறெங்கும் பட்டியலில் வராத தமிழ் நூல்கள் அதில் கிடைக்கும். பழைய தமிழ் ஆய்வேடுகள் பல யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும், உள்ளே தேடவும் முடியாது. பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதுதான். படிக்கிற உழைப்புக்குப் பலன் உண்டு.

அப்புறம், 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’, அதாவது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்காக மத்திய அரசே ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டும் திட்டம். 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பெரிய வரம் இது. தனியாக எழுதுபவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்கள் இதில் வரமாட்டார்கள். மக்கள் பணத்தில் கட்டுகிற சந்தாவை, குறைந்தபட்சம் கன்னிமாரா போன்ற பொது நூலகங்களிலாவது உட்கார்ந்து படிக்கும்படி திறந்துவிட வேண்டும்.