மெல்லிய தகட்டுக்கு 200 ஆம்பியர் வெல்டிங் இன்வெர்ட்டர்: சில வருட அனுபவம்

சிங்கப்பூர் சுங்கை காடுட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் 1.6, 2 மில்லிமீட்டர் தகடுதான். பெட்டி மூடி, கதவுச் சட்டம் என்று சின்ன வேலைகள். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, 230 வோல்ட்டில் ஓடி டிசி மின்சாரம் தரும் இந்த இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். ஒரே ஆள் தோளில் மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடலாம்.

குறைந்த ஆம்பியரிலும் ஆர்க் (ராடு நுனியில் எரியும் மின்பொறி) நிலையாக நிற்பதுதான் இதன் பெரிய பலம். 1.6 தகட்டுக்கு 2 மில்லிமீட்டர் 6013 ராடு (பூச்சுள்ள சாதாரண வெல்டிங் குச்சி), 45 முதல் 50 ஆம்பியர். ராடு பிடிக்கும் ஹோல்டர் நெகட்டிவில், தகட்டில் மாட்டும் எர்த் பாசிட்டிவில். இப்படி மாட்டினால் ஊடுருவல் குறையும், தகட்டில் ஓட்டை விழுவதும் குறையும். மீதி கையில்தான் இருக்கிறது. நெருக்கமாக டேக் (சின்னச் சின்னப் புள்ளி ஒட்டு) வைத்துவிட்டு, ஒரே இழுப்பாக ஓட்டாமல் இடம் மாற்றி மாற்றித் துண்டு துண்டாக ஓட்டினால் தகடு அவ்வளவாக நெளியாது. பின்னால் செம்புப் பட்டை வைத்தால் சூட்டை இழுத்துக்கொள்ளும். துத்தநாகம் பூசிய தகடு என்றால் ஓரப் பூச்சை முதலில் சுரண்டிவிடுங்கள். அந்தப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சல் அடிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது விஆர்டி என்ற வோல்டேஜ் குறைக்கும் அமைப்பு. வெல்டிங் ஓடாத நேரத்தில் ஹோல்டரில் நிற்கும் வோல்டேஜை வெகுவாகக் குறைத்துவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கையுறை வியர்வையில் ஊறிக் கிடக்கும்போது ராடு மாற்றுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆர்க் பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை.

குறைகளும் உண்டு. கிரைண்டர் தூசியை ஃபேன் உள்ளே இழுக்கும். இரும்புத் தூசியும் ஈரக் காற்றும் சேர்ந்தால் போர்டுக்கு ஆகாது. பிளக்கைக் கழற்றிவிட்டு, காய்ந்த காற்றால் மெதுவாக ஊதிவிடுகிறோம். ஃபேனை ஒருமுறை மாற்றியாகிவிட்டது. 3.2 ராடு போட்டு விடாமல் ஓட்டினால் மெஷின் சூடேறி மஞ்சள் விளக்கு எரிந்து நின்றுவிடும், தகட்டு வேலையில் அப்படி ஆனதே இல்லை. நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் ஆர்க் தடுமாறும்.

ராடு பாக்கெட்டைத் திறந்தே போடாதீர்கள் தம்பிகளே, பூச்சு சீக்கிரம் ஈரம் ஏறிவிடும்.

பட்டறைக்குள்ளேயே நாள் முழுக்கத் தகடு ஒட்டுகிறவர்களுக்கு மிக் (வாயு பாய்ச்சி, கம்பிச் சுருளால் ஓட்டும் வெல்டிங்) வேகமானது. காற்றடிக்கும் சைட்டில், ஹாட் வொர்க் பெர்மிட் (தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதி) எடுத்துச் செய்யும் வேலைக்கு எனக்கு இதுதான் வேண்டும்.