வர்த்தகர் சங்க மலர்: முன்பக்கத்தை விட்டுவிட்டு வாசிக்கவும்

எங்கள் பட்டினத்து வர்த்தகர் சங்கம் தன் 15ஆவது ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் வெளியிட்டிருக்கிறது. விலை ஆயிரம் ரூபாய். மினுங்கும் அட்டை, உள்ளே பாதி வர்ணம், பாதி கறுப்பு வெள்ளை, தூக்கினால் நல்ல பாரம். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் சங்கம் எது, தலைவர் ஆர் என்று வன்னி முழுக்க விளங்கிவிடும், பிறகு எனக்குத்தான் கரைச்சல். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ-35 வீதிப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நானும் சந்தா கட்டுகிற உறுப்பினர்தான். பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே கொமினிகேசன் கடை: போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ரீலோட், விண்ணப்பப் படிவம் நிரப்புவது. மலரில் கால்பக்க விளம்பரமும் கொடுத்திருக்கிறேன். ஆகவே இது வெளியாள் எழுதுகிற விமர்சனம் இல்லை.

முன்பக்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குருக்கள், பங்குத்தந்தை, மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், பிரதேச சபைத் தவிசாளர், இரண்டு வங்கி முகாமையாளர்கள், எல்லாரும் வாழ்த்துச் செய்தி வழங்குவதில் பெருமகிழ்ச்சி அடைகிறார்கள். இந்தச் செய்திகள் எப்படித் தயாராகின்றன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் மூன்றை என் கடையில்தான் ரைப் செய்தார்கள். போன வருசத்து விளையாட்டுப் போட்டி மலரைக் கொண்டுவந்து தந்து, “அக்கா, இதில கழகம் எண்டு இருக்கிற இடமெல்லாம் சங்கம் எண்டு மாத்திவிடுங்கோ” என்றார்கள். மாற்றிக் கொடுத்தேன். பிறகு ‘தலைவரின் உள்ளத்திலிருந்து’, ‘செயலாளரின் பேனாவிலிருந்து’ என்ற தலைப்புகள். சரி, அதுவும் வேண்டியதுதான். வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்தவர்களின் படம் புத்தகத்தில் வராவிட்டால் அடுத்தமுறை ஆர் ஓடித்திரிவது?

அதற்குப் பிறகு வருவது ‘எம்மண்ணின் முத்துக்கள்’. ஊருக்கு உழைத்த பெரியவர்களின் அறிமுகம், ஆளுக்கு ஒரு பக்கம். மலரின் பெரிய பலவீனம் இந்தப் பகுதிதான். ஒவ்வொருவர் பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம்: சமூகஜோதி, தேசகீர்த்தி, சாமஸ்ரீ. பின்னால் அகில இலங்கை சமாதான நீதவான். பொன்னாடையோடு படம். கீழே வகித்த பதவிகள்: கோயில் பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு, பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம். பதவியின் பெயர் இருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை என்பதும் இருக்கிறது. அந்தக் கதிரையில் இருந்து அவர் செய்த வேலை என்ன என்று ஒரு வரி கிடையாது. இதில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் தண்ணீர் இறைக்கும் மெசினைத் தன் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கிணறுகளை இறைத்துக் கொடுத்த மனுசன். ஒரு சதம் வாங்கவில்லை. சில கிணறுகளில் என்னென்ன கிடந்தது என்று இன்றைக்கும் வாய் திறந்து சொல்லமாட்டார். அவருடைய பக்கத்தில் கிணற்றைப் பற்றி ஒரு சொல் இல்லை. ‘பண்பாளர், எளிமையானவர், எல்லோராலும் விரும்பப்படுபவர்’. இதை ஆருக்கும் எழுதலாம், எனக்கும் எழுதலாம்.

ஊர்த் தலைவர் ஒருவரைப் பற்றி எப்படி எழுதவேண்டும் என்பதற்கு இதே மலருக்குள் ஓர் உதாரணம் இருப்பதுதான் வேடிக்கை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் காந்தியம் அமைப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். 1977 இனக்கலவரத்தில் அடிபட்டு ஓடிவந்த மலையகத் தமிழ்க் குடும்பங்களை வவுனியாவிலும் சுற்றுப்புறங்களிலும் குடியமர்த்த உழைத்த வைத்தியர் இராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் டேவிட் ஐயா இருவரையும் பற்றியது. பட்டம் ஒன்றுமில்லை. காணி துப்புரவாக்கியது, கொட்டில் போட்டது, பிள்ளைகளுக்குப் பாலர் பாடசாலை நடத்தியது, 1983 இல் இருவரும் கைதானது, யூலை 27 இல் வெலிக்கடைச் சிறைக்குள் வைத்தியர் கொல்லப்பட்டது, டேவிட் ஐயா மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போனது, பல வருசங்களுக்குப் பிறகு தள்ளாத வயதில் திரும்பிவந்து 2015 இல் கிளிநொச்சியில் காலமானது. செய்ததைச் செய்தபடி எழுதிக்கொண்டு போகிறார். பண்பாளர் என்று அவர் எழுதவேண்டிய தேவையே வரவில்லை.

இதை வாசித்துவிட்டு முன்னுக்குத் திரும்பினால் இன்னொன்றும் கண்ணில் குத்தும். அப்படி வந்து குடியேறிய சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு எங்கள் சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமைமாரில் பாதிப்பேர். விடிய நாலு மணிக்கு மரக்கறி லொறி வந்தால் அவர்கள் இல்லாமல் ஒரு கடையும் திறபடாது. மலரில் முத்துக்களாக வந்தவர்களில் மலையகப் பின்னணி உள்ளவர் ஒருவரும் இல்லை. பெண்கள்? ஒருவர்.

அந்த ஒருவர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. அவருடைய பக்கமும் ‘அன்னாரின் சேவை’ என்றுதான் தொடங்குகிறது, ஆனால் நடுவில் ஆரோ புண்ணியவான் நாலு வரி உண்மையை எழுதிவிட்டார். நுண்கடன் கம்பனிகள் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கிற அளவுக்கு அது முற்றியது. இந்த அக்கா அதற்கு முதலே ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார். காசு வாங்க வருகிற பொடியன்மார் வீட்டுக்குப் போகக்கூடாது, பொதுநோக்கு மண்டபத்துக்கு வரவேண்டும், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வரவே கூடாது. கட்ட முடியாதவளைத் தனியே நிறுத்தி ஏசுவதற்கு இடம் கொடுக்கவில்லை. மண்டபத்தில் நாற்பது பெண்கள் இருக்கும்போது எந்தப் பொடியன் குரலை உயர்த்துவான்? அந்த நாலு வரிக்காகவே அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.

இனி நல்ல பக்கங்கள். முதலாவது, ஆரும் வாசிக்காத பொருளாளர் அறிக்கை. 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரைக்கும் தெரிவுசெய்யப்பட்ட ஆக்கள் இல்லை, சபைச் செயலாளர்தான் நிர்வாகம். அந்த இரண்டு வருசம் எங்கள் பட்டினம் எப்படி ஓடியது என்று அறியவேண்டுமானால் இந்த அறிக்கையின் செலவுப் பக்கத்தைப் பார்க்கவேண்டும். வாய்க்கால் துப்புரவுக்கு உழவு இயந்திரக் கூலி. சந்தைக் கிணற்று மோட்டர் வயரிங். மலசலகூடக் கதவு இரண்டு. தெருவிளக்குக்கு பல்ப். கட்டாக்காலி மாடு பிடித்த செலவு. மழைக்குப் பிறகு பஸ் தரிப்பிடத்துக்குக் கிரவல் இரண்டு லோட். அங்கத்தவர் மரணத்துக்கு மலர்வளையம், வெள்ளைக்கொடி. ஒவ்வொன்றுக்கும் திகதி, பற்றுச்சீட்டு இலக்கம். சபை செய்யவேண்டியதைக் கடைக்காரர் தங்கள் சந்தாக் காசில் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. தலைவர் தன் உரையில் ‘அளப்பரிய பணிகள்’ என்று முடித்துவிட்டார். கிரவல் இரண்டு லோட் என்று சொல்லியிருந்தால் கூட்டத்தில் கைதட்டு விழுந்திருக்கும்.

இரண்டாவது, அரிசி ஆலை வைத்திருக்கிற ஒருவர் எழுதிய கட்டுரை. காலபோக (மழைக்கால நெல்) அறுவடை நேரம் இங்கே நடப்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 என்று அறிவித்தது. ஆனால் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போகக்கூடாது. காயவைக்கத் தளம் வேண்டும், வெயில் வேண்டும், காத்திருக்கக் காசு வேண்டும். வெட்டு மெசின்காரன் வயல் வரம்பிலேயே கூலிக்கு நிற்கிறான், உரக்கடைக்காரன் கொப்பியோடு நிற்கிறான். பக்கத்தில் தெற்கிலிருந்து வந்த லொறி. ஈர நெல் அப்படியே ஏறிப் போய்விடுகிறது, பிறகு பக்கற் அரிசியாக எங்கள் கடைக்கே திரும்பி வருகிறது. தானும் கையில் காசு இருக்கிற வருசம் ஈர நெல்லைக் குறைத்துத்தான் வாங்குவதாக எழுதியிருக்கிறார். வர்த்தகர் மலரில் ஒரு வர்த்தகர் இப்படி எழுதியதை நான் வேறெங்கும் காணவில்லை. பொதுக் களமும் களஞ்சியமும் கூட்டுறவு முறையில் கட்டவேண்டும் என்கிறார். அது சரிவருமா என்பது வேறு கதை.

சந்தையின் வரலாறு என்று ஒரு நீண்ட கட்டுரையும் உண்டு. இரணைமடுத் தண்ணீர், குடியேற்றத் திட்டங்கள், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது, எல்லாம் ஒழுங்காக வருகிறது. பிறகு ‘அசாதாரண சூழ்நிலை காரணமாக வர்த்தகம் பாதிப்புற்றது’ என்று ஒரே வரி, அடுத்த பந்தியில் 2010. போர் நடந்த இருபத்தைந்து வருசமும் ஒரு வரிக்குள் போய்விட்டது. அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் பற்றரி, சீமெந்து, பெற்றோல், யூரியா ஒன்றும் வராமல் கடை நடத்தியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டதும், துளிப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதும் வியாபார வரலாறு இல்லையா? 2002 இல் யாழ்ப்பாணம்-கண்டி ஏ-9 பாதை திறந்து சாமான் குவிந்ததும், 2006 ஓகஸ்டில் அது மூடப்பட்டதும் ஒவ்வொரு கடைக்காரரின் கணக்குக் கொப்பியிலும் இருந்தது. பயத்தில் விட்டார்களா, சலிப்பில் விட்டார்களா தெரியாது. கட்டுரையாசிரியரைக் கேட்டேன். “பிள்ளை, வெளியீட்டுக்கு எல்லாரும் வருவினம்” என்றார்.

ஆனால் அந்தக் கட்டுரை விட்ட இடத்தை விளம்பரப் பகுதியில் ஒரு கால்பக்கம் நிரப்பிவிட்டது. சைக்கிள் திருத்துகிற ஓர் அண்ணையின் விளம்பரம், கறுப்பு வெள்ளை. மற்றவர்களெல்லாம் கோட்டுப் போட்ட படமும் ‘நம்பிக்கை நாணயம்’ என்ற வசனமும் போட்டிருக்க, இவர் ‘கடை நடந்த இடங்கள்’ என்று மட்டும் தலைப்புப் போட்டுக் கீழே வரிசையாகக் கொடுத்திருக்கிறார். இதே இடம், 1987 முதல். தருமபுரம், பாடசாலை மதிலோரம். விசுவமடு, மரத்தடி. புதுக்குடியிருப்பு. மாத்தளன். செட்டிகுளம் இராமநாதன் முகாம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில். மீண்டும் இதே இடம், 2010 முதல். கடைசி வரி: ‘ரியூப் ஒட்டுதல், றிம் நெளிவு எடுத்தல், பழைய வாடிக்கையாளருக்குக் கடன் உண்டு.’ ஒரு சாவிப் பெட்டியையும் காற்றடிக்கிற பம்மையும் சண்டைக்குள்ளும் அகதி முகாமுக்குள்ளும் அவர் எங்கெங்கே காவிக்கொண்டு திரிந்தார் என்று நினைத்துப் பாருங்கள். 2009 இல் கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் ஆர் ரியூப் ஒட்டக் கொடுத்தார்கள் என்று அவரிடமே கேட்டேன். “ஏன் பிள்ளை, சாமான் கட்டின சைக்கிள் காத்துப்போனா உருட்டேலாதே” என்றார், கேட்டதே பிழை என்பதுபோல. முத்துக்கள் பகுதிக்கு இவரை ஆரும் கேட்கவில்லை. கால்பக்கத்துக்குக் காசு கட்டித்தான் உள்ளே வந்திருக்கிறார்.

அச்சு வேலை பற்றியும் சொல்லவேண்டும். தாள் நல்லது, படங்கள் தெளிவு, கட்டு உறுதி. எழுத்துப் பிழைகள் ஏராளம். இறந்துபோன உபதலைவரின் படத்துக்குக் கீழே, இப்போது பதவியில் இருக்கிற உபதலைவரின் பெயர் போய்விட்டது. அவர் விழாவுக்கு வந்து அதைப் பார்த்து, “எனக்கு ஆயுள் கூடும்” என்று சிரித்துச் சமாளித்தார். என் விளம்பரத்தில் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் மாறிவிட்டது. இப்போது மல்லாவியில் உழவு இயந்திரம் வைத்திருக்கிற ஒருவருக்கு, “அடையாள அட்டைக்குப் படம் எடுப்பியளோ” என்று அழைப்புகள் போகின்றன. நல்ல மனுசன், என் சரியான எண்ணைக் கேட்டு வாங்கி வைத்து எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். ஆயிரம் ரூபாயில் முன்னூறு வாழ்த்துரைக்குப் போகும், மிச்சத்துக்கு மேலேயே சரக்கு இருக்கிறது. பிரதிகள் சங்கப் பணிமனையிலும் சந்தை வாசல் புத்தகக் கடையிலும் உண்டு. என் கடையிலும் வைத்திருக்கிறேன், கொமிசன் இல்லை. இந்தக் குறைகளையெல்லாம் தலைவரிடம் நேரே சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப அடுத்த மலருக்குப் புரூவ் பாக்கிறதும், ஆக்களைப் பேட்டி எடுக்கிறதும் நீங்கள்தான்” என்று ஒரே அடியாகத் தலையில் கட்டிவிட்டார். ஒப்புக்கொண்டிருக்கிறேன். விளம்பரக் காசு கழிக்கவேண்டும் என்றும், முதல் பேட்டி சைக்கிள் கடை அண்ணைதான் என்றும் சொல்லிவிட்டேன். காசு விசயம் நிருவாகக் கூட்டத்தில் வைக்கவேண்டுமாம்.