மருந்துக் கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்: வெயில் கால மதிப்புரை

அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் சென்னையில் வெயில் தணிந்துவிடுவதில்லை. ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்று கரையேறத் தாமதிக்கும் நாட்களில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. அந்நாட்களிலும் இருசக்கர வாகனத்தில் அலைய வேண்டிய விற்பனைப் பணி எனக்கு என்பதால், மருந்துக் கடைகளில் இருபது ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைக் கலவை) தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது நிறுவனத்தின் பெயரை அன்று. உறையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள அளவுகளைத்தான். உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தின்படி, ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என மொத்தம் 20.5 கிராம் இருக்க வேண்டும். சிறுகுடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பதால், இந்த விகிதத்தில்தான் பொருளின் பயனே அடங்கியிருக்கிறது. சர்க்கரை மிகுந்தால் நீர் உடலில் சேர்வதற்கு மாறாகக் குடலுக்குள் இழுக்கப்படும். மருந்து அலமாரியிலேயே அடுக்கி விற்கப்பட்ட அட்டைப்பெட்டிப் பழச்சுவைப் பானங்கள் பலவற்றில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் அத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இடம்பெறக் கூடாது என உத்தரவிட்டது. மிகவும் தாமதமாக வந்த உத்தரவு என்பதே என் கருத்து.

சுவையைப் பாராட்ட முடியாது. ஆரஞ்சு மணம் சேர்த்த வகைகூடக் கண்ணீரைச் சர்க்கரையில் தோய்த்தது போலத்தான் இருக்கிறது. ஆனால், நன்கு வியர்த்த பின் தண்ணீரை மட்டும் குடித்தபோது நீடித்த சோர்வும் கெண்டைக்கால் பிடிப்பும், இதை மெல்ல மெல்லப் பருகிய நாட்களில் எனக்குக் குறைவாகவே இருந்தன.

குறை உறையில் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டும் 200 மில்லிக்கான சிறு பாக்கெட்டும் ஒரே வண்ணத்தில் வருகின்றன. நான் வாங்கிய உறையில் தமிழில் ஒரு வரிகூட இல்லை. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டால் உப்பு அளவுக்கு மீறிவிடும் என்பதால், இது அச்சுச் சிக்கனமாகக் கருதி விட்டுவிடக்கூடிய விஷயமில்லை. பாதிப் பொடியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பதும் உதவாது. சென்னைக் காற்றின் ஈரத்தில் அது கட்டிபட்டுவிடுகிறது. கரைத்த நீரை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

நிழலில் அமர்ந்து வேலை செய்பவருக்குத் தண்ணீரும் மோருமே போதும். உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம். உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறுபவருக்கு இதை வாயில் ஊற்றவே கூடாது. 108ஐ அழைத்துவிட்டு, அவரை நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதே பொடி இலவசமாகவே கிடைக்கிறது.