சாரதிக்கு முழுப் புள்ளி, அட்டவணைக்குப் பாதி

யாழ் நகரில் வான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சிறு நிறுவனம் ஒன்று, வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவுகளை மனத்திற்கொண்டு, மாரிகால இயற்கைச் சுற்றுலா ஒன்றை நடத்தி வருகிறது. சுண்டிக்குளம், நெடுந்தீவு, குடாநாட்டின் களப்போரங்கள் ஆகியவற்றை இணைத்து, சாரதி, எரிபொருள், காலை மதியச் சாப்பாடு எல்லாம் அடங்கலாக வானுக்கு ஒரு தொகை அறவிடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்காததால் குடும்பமாகப் போவோருக்குக் கட்டுப்படியாகும். பறவைகளைப் பார்ப்பதற்கென்றே வீட்டாருடன் இதில் போய் வந்தேன். வாகனமும் சாரதியும் முதல்தரம். அட்டவணைதான் பறவைகளைக் கேட்காமல் போட்டது.

முதற்கோளாறு மாதத்திலேயே இருக்கிறது. வடக்கே குளிர் தொடங்கும்போது மத்திய ஆசியப் பறப்புப் பாதை வழியாகப் புறப்படும் வலசைப் பறவைகள் செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வரத் தொடங்கி, மார்ச், ஏப்ரிலில் திரும்பிவிடுகின்றன. ஆனால் குடாநாட்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டுவதால், நத்தார் விடுமுறைக் காலத்தில் களப்புகள் நிரம்பிக் கிடக்கும். நின்று இரை தேடும் பூநாரைக்கும் உள்ளானுக்கும் அந்த ஆழம் ஒத்துவராது, ஆழமில்லாத இடம் பார்த்துச் சிதறிவிடும். தை பிறந்து நீர் வற்றிச் சேறு வெளித்தெரியும்போதே அவை கூட்டம் கூட்டமாக ஒன்றுசேர்கின்றன. நிறுவனமோ வாடிக்கையாளர் வரும் மாதத்தை வைத்து டிசெம்பரைத்தான் விளம்பரப்படுத்துகிறது. கேட்டபோது, மேலதிகக் கட்டணம் இல்லாமல் தைப்பொங்கலுக்குப் பிந்திய கிழமைக்கு மாற்றித் தந்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். விடுமுறையை அப்படித் தள்ளிப்போட முடிந்தவர்களுக்கு, பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டத் திருவிழாவும் சேர்ந்தே கிடைக்கும்.

இந்தப் பயணத்தின் உயிர் சுண்டிக்குளம். 1938 இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்ட இந்த இடத்துக்கு, ஏ9 வீதியால் ஆனையிறவைக் கடந்து பரந்தனில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிப் போகவேண்டும். அலுவலகம் தந்த தாளில் காலையில் கீரிமலை, அதன்பின் சுண்டிக்குளம் என்று இருந்தது. ஒன்று குடாநாட்டின் வடகரை, மற்றது தென்கிழக்கு மூலை. உச்சிவெயிலில் போய் இறங்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. முதல்நாள் மாலை சாரதியே தொலைபேசியில் அழைத்து, "அக்கா, அந்த நேரத்துக்குப் போனால் கானலைத்தான் பாக்கலாம். விடியப்புறம் நாலரைக்கு வெளிக்கிடுவமோ?" என்று கேட்டிருக்காவிட்டால் பயணமே வீணாகியிருக்கும்.

களப்பு தெரியத் தொடங்கியதுமே, கிட்ட ஓட்டிப்போக வழி இருந்தும், அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எங்களை வரிசையாக நடக்கச் சொன்னார். உப்புப் படிந்த சேறு மேலே காய்ந்து தெரிந்தாலும் கால் வைத்தால் முழங்கால்வரை இழுக்கும் என்பதால், அவருடைய அடியிலேயே அடி வைத்துப் போனோம். பூநாரைகள் கழுத்தை வளைத்து, அலகின் மேற்புறம் கீழாகும்படி தலையைக் கவிழ்த்து நீருக்குள் விட்டு, இடத்திலேயே கால்மாற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, கலங்கிய நீரை அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற பகுதியால் வடித்துச் சிற்றிறால்களையும் பாசியையும் உண்கின்றன. கரையிலிருந்து பார்க்கும்போது வெளிறிய வெள்ளையாகத் தெரியும் உடல், இறக்கை விரிந்ததும் கருஞ்சிவப்பாய் மாறுவதைக் காணவே அந்த நடை தகும். கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் அருகிலேயே நின்றன. ஊசிவால் வாத்துகள் மட்டும் நடுநீரை விட்டு வரவில்லை.

அப்போது பார்த்து, படம் எடுத்துத் தருவதற்கென்று நிறுவனம் கூட அனுப்பிய இளைஞர் ட்ரோனைக் கிளப்பினார். அரை நிமிடத்தில் கூட்டம் முழுவதும் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொள்ளும் பறவைகளை ஒரு காணொளிக்காகக் கலைப்பது ஒருபுறமிருக்க, தேசிய பூங்காவில் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி அதைப் பறக்கவிடவும் முடியாது. அனுமதி எங்கே என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. முன்பதிவு செய்யும்போதே ட்ரோன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நெடுந்தீவுப் பகுதியைப் பாதி மனத்தோடுதான் பரிந்துரைப்பேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணி நேரமளவு. மாரியில் காற்று எழும்பினால் சேவை நின்றுவிடும், அதற்கு மாற்றுத் திட்டம் எதுவும் அலுவலகத்திடம் இல்லை. எங்களுக்குக் கடல் அமைதியாக இருந்தது. ஆனால் கரையில் கிடைத்த சொற்ப நேரம் ஒல்லாந்தர் கோட்டையிலும் பெருக்கமரத்தடியிலுமே கழிந்தது. முருகைக்கல் வேலிகளுக்கு அப்பால் திறந்த வெளியில் மேயும் மட்டக்குதிரைகளை வண்டியிலிருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பினோம். கோடையில் தண்ணீரின்றி வாடும் அந்தக் குதிரைகள் மழைக்குப்பின் முளைத்த புல்லில் கொழுத்து நிற்கும் பருவம் இது. கோட்டையைச் சுருக்கி அங்கே நேரம் ஒதுக்குவதில் அவர்களுக்கு என்ன நட்டம் என்று விளங்கவில்லை.

சாப்பாட்டில் குறை இல்லை. வாழையிலையில் கட்டிய இடியப்பமும் சம்பலும் அந்த நேரத்திலும் சூடாக இருந்தன. பின்னேரம் அவித்த பனங்கிழங்கு தந்தார்கள். வானில் வைத்திருக்கும் ஒற்றைத் தொலைநோக்கியின் கண்ணாடியில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சொந்தமாக ஒன்று கொண்டு போவது நல்லது.

மண்டைதீவு வீதியோரம், அராலிக் கரை, சரசாலைக் குருவிக்காடு என்று அவர்கள் மூன்றாவதாகச் சேர்த்திருக்கும் இடங்களுக்கு இந்தப் பணம் தேவையில்லை. ஒரு மோட்டார் சைக்கிளும் காலைநேரமும் போதும். ஆகவே முழுத் தொகுப்பையும் எடுக்காமல் சுண்டிக்குளத்துக்கு மட்டும் வானைப் பேசுங்கள், அதிகாலையில் புறப்படும் சாரதியையே கேட்டு வாங்குங்கள். நெடுந்தீவையும் சேர்ப்பதானால், படகு ஓடாத நாளில் முற்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாக அவர்கள் சொல்லும் தொகை ஆளுக்கு ஆள் மாறுகிறது.