அணியத் தட்டு: ஐந்து வருஷத்துக்குப் பிறகு

முல்லைத்தீவில் எங்கள் 18 அடி ஃபைபர் படகின் அணியத் தட்டை, அதாவது முன்பக்க மேல்தட்டை, 2020 மாசியில் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட்டோம். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் எல்லாமே நல்லது என்றுதான் எழுதியிருப்பேன். ஐந்து மாரி கண்டபிறகு எது நின்றது, எது நிற்கவில்லை என்று தெரிகிறது.

முதல் திருத்தம் 2018 மார்கழியில். வாடைக்குக் கடல் கொந்தளிப்பு, படகு கரையில், தொழில் இல்லை. சும்மா நிற்கிற நேரத்தில் திருத்திவிடுவோம் என்று நினைத்தோம். அங்கேதான் பிழை விட்டோம். நங்கூரக் கயிறு கட்டுகிற கட்டையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. மேலே உரசி, மற் என்கிற கண்ணாடி நார் விரிப்பு இரண்டு ஒட்டி, பெயின்ற் அடித்தோம். பார்க்கப் புதுப் படகு. ஆனி மாதம் தட்டில் ஏறி நின்றால் மெத்தை மாதிரி அமுங்கியது.

அலம்பில் ஊர்ப் பக்கம் படகு ஒட்டுகிற அண்ணை ஒருவரைக் கூட்டிவந்தோம். ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டத் தட்ட நகர்ந்தார். நல்ல இடத்தில் ‘டக் டக்’. கட்டைக்குக் கிட்டப் போனதும் ‘பொத் பொத்’. “தம்பி, தண்ணி உள்ளுக்கு நிக்குது” என்று ட்ரில்லால் ஒரு ஓட்டை போட்டார். தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கசிந்தது. இரண்டு ஃபைபர்த் தட்டுக்கும் நடுவில் இருந்த ப்ளைவுட் நகத்தால் கிள்ள வந்தது. கட்டையின் போல்ட் ஓட்டை வழியே இறங்கிய தண்ணீரை நாங்களே மேலே ஒட்டி உள்ளே அடைத்திருக்கிறோம்.

சோளகத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், நன்றாகக் காயும், ஆனால் எங்கள் கரையில் அதுதான் உழைக்கிற காலம். அதனால் மழை விட்ட மாசிக்காகக் காத்திருந்தோம். மேல் ஃபைபரைக் கிரைண்டரால் வெட்டி, ஊறிய பலகையைச் சுரண்டி எடுத்து, மூன்று கிழமை அப்படியே திறந்து விட்டோம். பகலில் வெயில், இரவில் படங்கால் மூடினோம். பக்கத்து மீன்வாடிக்காரர் எல்லாம் எப்ப முடியும் என்று கேட்டார்கள். இந்த மூன்று கிழமைதான் முழு வேலையிலும் பெறுமதியானது.

புதுப் பலகைக்கு முதலில் ஃபைபர் ஒட்டுகிற பிசினான ரெசினைத் தண்ணியாகப் பூசிக் குடிக்க விட்டோம். வெட்டின விளிம்பை நேராக விடாமல் சரிவாகத் தேய்க்க வேண்டும்; தடிப்பைப் போல 12 மடங்கு அகலம் என்பது கணக்கு. எங்கள் மேல் ஃபைபரின் தடிப்பு 4 மில்லிமீற்றர், அதனால் சுற்றிவர 5 சென்ரிமீற்றர் சரிவு. 450 கிராம் மற் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் குடிக்கும். ரெசினை இறுக வைக்கிற ஹாட்னர் கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை. வன்னி வெயிலுக்குக் குறைந்த பக்கமே போதும். முதல் நாள் பத்து மணிக்கு ஹாட்னரை அதிகமாகக் கலந்துவிட்டோம்; ரெசின் தூரிகையோடு தகரத்துக்குள்ளேயே ஜெலியாக இறுகிப் புகை வந்தது. பிறகு விடியக் காலையில் மட்டும், அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலந்தோம். இறுகலை வேகப்படுத்துகிற கோபால்ட் தனியாக வாங்கினால் முதலில் ரெசினுக்குள் நன்றாகக் கலக்குங்கள். ஹாட்னரோடு நேரே சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஹாட்னர் ஒரு சொட்டுக் கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாமல் தொடாதீர்கள்.

எபொக்சி என்கிற மற்ற வகை ரெசின், பலகையில் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபொக்சியின் மேல் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் சரியாக ஒட்டாது. அடுத்தமுறை உடைந்தாலும் எங்கள் கடற்கரையில் கிடைக்கிறது பொலியெஸ்டர்தான் என்று அதையே பாவித்தோம்.

பெயின்ற்றில்தான் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். இடப்பக்கம் இரண்டு டின் கலக்கிற பொலியுரேதேன், வலப்பக்கம் சாதாரண எனாமல். எனாமல் இரண்டு வருஷத்தில் வெளிறி, கையால் தடவினால் மாவாக வந்தது. மற்றப் பக்கம் மினுக்கம் குறைந்ததே தவிர உரியவில்லை. 2024இல் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்தின கிழமை வலப்பக்கத்தையும் உரசி அதே பொலியுரேதேன் அடித்தேன். நிறம் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் போதும். விளிம்பில் ஆசைக்கு அடித்த கடும் நீலத்தில் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது.

வழுக்காமல் இருக்க முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே மணல் தூவி, காய்ந்ததும் கூட்டிவிட்டு மேலே இன்னொரு பூச்சு அடித்தோம். கடல் மணலை அப்படியே போடக்கூடாது, உப்பு ஈரத்தை இழுக்கும். கிணற்றுத் தண்ணீரில் மூன்று தரம் கழுவிக் காயவைத்து, தேத்தண்ணி வடியால் தூவினோம். கால் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் வலை இழுபடுகிற ஓரத்தில் தூவியது பிழை. கண்ணி எல்லாம் மாட்டி அறுந்தது. அந்த ஓரத்தை மட்டும் உரசி மழமழப்பாக்கினேன்.

கட்டையின் போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகக் குடைந்து, நார் கலந்த ரெசினால் அடைத்து, அதன் நடுவில் திரும்பத் துளைத்தோம். இப்போது தண்ணீர் இறங்கினாலும் பலகையைத் தொடாது. மூன்றாம் வருஷம் ஒரு மூலையில் பழையபடி மயிரிழை தெரிந்தது. கீழே அகலமான தகடு ஒன்று வைத்து இறுக்கிய பிறகு அது வளரவில்லை.

ஒவ்வொரு புரட்டாதியும் மழைக்கு முன் குற்றியால் தட்டிப் பார்க்கிறேன். போன முறை அணியம் முழுக்க ‘டக் டக்’தான். இயந்திரம் பூட்டுகிற பின்பலகையில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் சத்தம் மாறியிருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மாசி வரட்டும், திறப்போம்.